அலுவலக வீடியோவும் எடிட்டிங் மென்பொருளும்: முதல் முறை திறப்பவருக்கு

ஒரு துறைத் தலைவர் பயணச் செலவைப் பதிவதற்கான புதிய செயலியை ஊழியர்களுக்கு விளக்குகிறார். கணினித் திரையைப் பதிவு செய்தபடியே பேசிக்கொண்டு போகிறார். மொத்தம் 22 நிமிடம். நடுவில் செயலி ஒருமுறை உள்ளே விட மறுக்கிறது. கைபேசி அடிக்கிறது. ரசீதை எந்தக் கோப்புறையில் வைத்தோம் என்று தேடுகிறார். சொன்னதையே இரண்டு தரம் சொல்கிறார். பதிவு முடிந்ததும் அது அப்படியே 300 பேருக்குப் போகிறது. பலர் இரண்டாவது நிமிடத்திலேயே மூடிவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம், "இத எப்படிங்க போடறது?" என்று கேட்கிறார்கள்.

அந்த 22 நிமிடத்தில் உள்ள விஷயத்தை நான்கு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆளுக்கு 18 நிமிடம் மிச்சம். 300 பேருக்குக் கணக்குப் போட்டால் 5,400 நிமிடம், அதாவது 90 மணி நேரம். எடிட் செய்பவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் அந்த நாள் வீண் இல்லை.

தொழில்முறை எடிட்டிங் மென்பொருள் என்றதும் சுழன்று வரும் எழுத்தும் சினிமா வண்ணமும்தான் பலருக்கு நினைவு வரும். அலுவலக வேலையில் அவற்றுக்குப் பெரிய இடம் இல்லை. இங்கே அந்த மென்பொருள் இரண்டு காரியங்களுக்காக வேண்டும். வேண்டாததைத் தடயம் தெரியாமல் எடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே வீடியோவைத் திறந்து ஒரே ஒரு வரியை மட்டும் மாற்ற முடிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

எந்த மென்பொருள் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். அடோபியின் பிரீமியர் புரோ சந்தா முறையில் கிடைக்கிறது. ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ மேக் கணினிக்காரர்களுக்கு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே அலுவலகத் தேவைக்குத் தாராளம். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் முழுக்க இலவசம், மூலநிரல் திறந்தவை. ஒன்றைக் கற்றுக்கொண்டால் இன்னொன்றுக்கு மாறுவது கடினம் இல்லை, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

டைம்லைன் என்பது என்ன

வீடியோ டேப் காலத்தில் எடிட்டிங் என்றால் ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு, முதலிலிருந்து கடைசி வரை, வரிசையாகப் பிரதி எடுப்பது. பத்தாவது நிமிடத்தில் ஐந்து விநாடி சேர்க்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் வருவது அத்தனையையும் மறுபடி பதிய வேண்டும். 1989இல் வந்த அவிட் மீடியா கம்போசரும் 1991இல் வந்த அடோபி பிரீமியரும் இந்த வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்தன. எந்த இடத்திலும் நுழைக்கலாம், எதையும் எடுக்கலாம், மீதி தானே நகர்ந்து இடம் விடும்.

அந்த வசதியின் முகம்தான் டைம்லைன். திரையின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. படத்துக்குச் சில வரிசைகள், ஒலிக்குச் சில வரிசைகள். இந்த வரிசைகளை டிராக் என்பார்கள். மேல் டிராக்கில் இருக்கும் படம் கீழ் டிராக்கில் இருப்பதை மறைக்கும். ஒலி டிராக்குகள் ஒன்றையொன்று மறைக்காது, எல்லாம் சேர்ந்தே கேட்கும். இது ஒன்று புரிந்தால் பாதி தூரம் வந்த மாதிரி.

புதியவர்கள் பயப்படுவது இன்னொன்றுக்கு: வெட்டினால் அசல் பதிவு போய்விடுமோ? போகாது. நீங்கள் சேமிக்கும் புராஜெக்ட் கோப்பில் வீடியோ எதுவும் இல்லை. எந்தக் கோப்பிலிருந்து, எந்த விநாடி முதல் எந்த விநாடி வரை, எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கின்றன. அசல் 22 நிமிடம் வட்டில் அப்படியே கிடக்கும். தவறாக வெட்டிவிட்டால் கிளிப்பின் (டைம்லைனில் வைத்த துண்டின்) ஓரத்தைப் பிடித்து இழுங்கள், வெட்டியது திரும்ப வரும். கை நடுங்காமல் வெட்டலாம் என்பதற்கு இதுதான் காரணம்.

இதே ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அசல் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ அதன் பெயரை மாற்றினாலோ மென்பொருளுக்கு வழி தெரியாது. அடுத்த முறை திறக்கும்போது கிளிப் இருந்த இடத்தில் சிவப்புத் திரை வரும். அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும். முதலிலேயே ஒரு வீடியோவுக்கு ஒரு கோப்புறை என்று வைத்து, பதிவு, ஒலி, படங்கள், எழுத்துரு, புராஜெக்ட் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டு அப்புறம் எடிட்டிங்கைத் தொடங்கினால் இந்தச் சிக்கலே வராது.

தொடங்கும்போது மென்பொருள் சில அளவுகள் கேட்கும். அலுவலக வீடியோவுக்கு 1920 × 1080 பிக்சல், விநாடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம் (அசையாத தனிப்படம்) போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். கைபேசியிலும் இணையவழிக் கூட்டங்களிலும் எடுத்த பதிவுகளில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவது வழக்கம். அவற்றை நேராக டைம்லைனில் போட்டால் சில சமயம் முதல் நிமிடத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு பதினைந்தாவது நிமிடத்தில் பேச்சை விட்டு விலகியிருக்கும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுக் கொண்டுவந்தால் பிரச்சினை தீரும்.

வெட்டுவது

முதலில் முழுப் பதிவையும் ஒருமுறை வெட்டாமல் பாருங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் பாருங்கள். பேசுபவர் உண்மையில் என்ன சொல்ல வந்தார் என்பது பதினேழாவது நிமிடத்தில்தான் தெரியவரும். நம் துறைத் தலைவர் விஷயத்தில் அது, "ரசீதைப் படம் எடுத்து ஏற்றாவிட்டால் கோரிக்கை தானாகத் திரும்பிவிடும்" என்ற ஒரு வாக்கியமாக இருக்கலாம். அந்த வாக்கியம் வீடியோவின் முதல் 20 விநாடிக்குள் வர வேண்டும். எங்கே வெட்டுவது என்பதைவிட எதை முன்னே கொண்டுவருவது என்ற முடிவுதான் பெரிய வேலை.

பிரபலமான மென்பொருள்கள் பலவற்றில் ஜே, கே, எல் விசைகள் பின்னோக்கி ஓட்ட, நிறுத்த, முன்னோக்கி ஓட்ட உதவுகின்றன. எல் விசையை இரண்டு முறை தட்டினால் வேகம் கூடும். ஐ விசை தொடக்கத்தையும் ஓ விசை முடிவையும் குறிக்கும். மவுஸை மறந்துவிட்டு இந்த ஐந்து விசைகளை விரலுக்குப் பழக்குங்கள். இரண்டே நாளில் வேகம் மாறுவது உங்களுக்கே தெரியும்.

ஒரு துண்டை எடுத்துவிட்டால் டைம்லைனில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தையும் சேர்த்து மூடுவதற்குப் பெயர் ரிப்பிள் டெலீட். முதல் சுற்றில் இது ஒன்றே போதும்: தேடல், தடுமாற்றம், திரும்பச் சொன்னது, கைபேசி மணி எல்லாம் போகட்டும். பிரீமியர் புரோவிலும் ரிசால்வின் கட்டணப் பதிப்பிலும் 2023 முதல் பேச்சை எழுத்தாக்கி, எழுத்தில் ஒரு வரியை நீக்கினால் வீடியோவிலும் அது நீங்கும் வசதி இருக்கிறது. நீண்ட கூட்டப் பதிவுகளுக்கு இது பெரிய உதவி.

சரி, வெட்டியாயிற்று. இப்போது முகம் தெரியும் இடங்களில் ஒரு கோளாறு தெரியும். வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் தலை சட்டென்று இடம் மாறித் துள்ளும். இதற்கு ஜம்ப் கட் என்று பெயர். மறைக்க மூன்று வழிகள் உண்டு. பேச்சு கீழே ஓட, மேல் டிராக்கில் வேறு காட்சியை வைப்பது ஒன்று: செயலியின் திரை, ரசீது, வேலை செய்யும் கை. இந்தத் துணைக் காட்சிகளை பி-ரோல் என்பார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் பத்து நிமிடம் கூடுதலாக நின்று இவற்றை எடுத்து வைத்தால் எடிட்டிங்கில் பல மணி நேரம் மிச்சம். இரண்டாவது, வெட்டுக்குப் பின் படத்தைச் சற்றுப் பெரிதாக்குவது. 4கே அளவில் (1080ஐவிட அகலமும் உயரமும் இரண்டு மடங்கு) எடுத்து 1080 டைம்லைனில் போட்டால் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. மூன்றாவது, துள்ளலை அப்படியே விட்டுவிடுவது. உள்ளூரச் சுற்றும் சிறு வீடியோவில் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து, படமும் ஒலியும் ஒரே இடத்தில் மாற வேண்டியதில்லை. அடுத்தவர் குரல் முதலில் கேட்டு, அரை விநாடி கழித்து அவர் முகம் வந்தால் அது ஜே கட். முந்தையவர் குரல் தொடரும்போதே அடுத்த காட்சி வந்துவிட்டால் அது எல் கட். டைம்லைனில் அந்த வெட்டுகள் ஆங்கில எழுத்துகளின் வடிவில் தெரிவதால் வந்த பெயர்கள். பேட்டி போன்ற வீடியோக்களில் இதைச் செய்து பாருங்கள். தைத்த இடம் தெரியாத சட்டை மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெட்டுவது எளிதாக இருப்பதால், வெட்டுகிறவர் கையில் இன்னொருவரின் வார்த்தை இருக்கிறது என்பது மறந்துபோகும். "இந்த ஆண்டு யாருக்கும் வேலை போகாது, நிலைமை இப்படியே இருந்தால்" என்று ஒருவர் சொன்னதில் பின்பாதியை எடுத்துவிட்டால் நீளம் இரண்டு விநாடி குறையும். அர்த்தமோ தலைகீழாகிவிடும். இடைவெளிகளும் அப்படித்தான். பயிற்சி வீடியோவில் மூன்று விநாடி மௌனம் வெறும் தாமதம். ஒரு சக ஊழியரின் மறைவைப் பற்றிப் பேசும்போது அதே மூன்று விநாடி பேச்சின் ஒரு பகுதி. அதை வெட்டினால் பேசியவர் ஈரமில்லாதவராகத் தெரிவார். யாருடைய முகமும் குரலும் வீடியோவில் இருக்கிறதோ, வெளியே அனுப்பும் முன் அவரிடம் இறுதி வடிவத்தைக் காட்டிவிடுங்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒலிதான் முதலில்

மங்கலான படத்தைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். புரியாத பேச்சை அவர்கள் பொறுப்பதில்லை. அதனால் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் கேமராவுக்கு முன் மைக் வாங்குங்கள். சட்டையில் குத்தும் சிறு மைக் போதும். மைக் வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்கு அறையின் எதிரொலி குறையும். எதிரொலியை மென்பொருளில் எடுப்பது கடினமான வேலை, மைக்கைப் பக்கத்தில் வைப்பது இலவசம்.

பதியும்போது ஒலிமானியின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும். உடைந்ததைப் பழைய நிலைக்கு முழுதாகக் கொண்டுவர முடியாது. எடிட்டிங்கில் வரிசை இப்படி: முதலில் இரைச்சல் குறைப்பை மிதமாகப் போடுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலாகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் குளிர்சாதனத்தின் உறுமல் பெரும்பாலும் போய்விடும். அப்புறம் கம்ப்ரெசர், அதாவது உரத்த இடத்தைக் கொஞ்சம் அமுக்கி மொத்தத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவது. கடைசியில் ஒலியளவைப் பொருத்துவது. காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு எல்யூஎஃப்எஸ். ஐரோப்பியத் தொலைக்காட்சி ஒலிபரப்பு மைனஸ் 23ஐ அளவாகக் கொண்டிருக்கிறது. மடிக்கணினியிலும் கைபேசியிலும் கேட்கப்படும் அலுவலக வீடியோவுக்கு அது தாழ்வு. மைனஸ் 16ஐ ஒட்டி வைத்தால் நன்றாகக் கேட்கும்.

அந்த அறையில் யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் ஒலியையும் பதிந்து வையுங்கள். வெட்டிய இடங்களில் ஒலி முற்றிலும் செத்துப்போனால் காதில் உறுத்தும். அங்கே இந்த அறை ஒலியை நிரப்பலாம்.

பின்னணி இசை பெரும்பாலும் தேவையில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் உரிமம் உள்ளதைப் போடுங்கள். உள்வட்டத்துக்குத்தானே என்று ஒரு பாட்டை எடுத்துப் போடுவதால் உரிமைப் பிரச்சினை மறைந்துவிடாது. வண்ணத் திருத்தத்திலும் நேரத்தைக் கொட்ட வேண்டாம். முகம் மஞ்சளாகவோ நீலமாகவோ இல்லாமல் இயல்பாகத் தெரிந்தால் போதும்.

திரைப்பதிவும் அதில் ஒளிந்திருப்பதும்

முழுத்திரையைப் பதிந்து அப்படியே கொடுத்தால் கைபேசியில் பார்ப்பவருக்கு எறும்பு வரிசைதான் தெரியும். எந்தப் பொத்தானைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பகுதிக்குப் படத்தை நெருக்க வேண்டும். இதற்குத்தான் கீஃபிரேம். இந்த நொடியில் அளவு 100 சதவீதம் என்று ஒரு புள்ளி, ஒரு விநாடி கழித்து 180 சதவீதம் என்று இன்னொரு புள்ளி வைத்தால் இடைப்பட்ட வளர்ச்சியை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். நெருக்கிய பின் அசையாமல் கொஞ்ச நேரம் நிற்கட்டும். படிக்கவே விடாமல் போய்வரும் நெருக்கம் தலை சுற்றவைக்கும்.

திரைப்பதிவை ஒலி இல்லாமல், ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி ஒருமுறை பாருங்கள். மூலையில் எட்டிப்பார்த்த மின்னஞ்சல் அறிவிப்பு, திறந்திருந்த உலாவித் தாவலின் தலைப்பு, பட்டியலில் தெரியும் சக ஊழியரின் சம்பளம், பின்னால் வெள்ளைப்பலகையில் எழுதிய கடவுச்சொல்: எல்லாம் ஒரு விநாடிதான் தெரியும், ஆனால் பார்ப்பவர் நிறுத்திப் படிக்கலாம். சோதனைக் கணக்கில், கற்பனைப் பெயர்களோடு பதிவதே சிறந்த வழி. முடியாதபோது மறைக்க வேண்டும். மங்கலாக்குவதைவிட முழு நிறக் கட்டம் வைத்து மூடுவது பாதுகாப்பு. லேசாக மங்கலாக்கிய எண்களை யூகிக்க வழியுண்டு, கட்டத்துக்குப் பின்னால் எதுவும் மிஞ்சாது.

வசன வரிகளும் கோப்பும்

காது கேளாத சக ஊழியருக்கு வசன வரி இல்லாத வீடியோ வெறும் வாயசைவு. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியில், பதிவு செய்த வீடியோவுக்கு வசன வரி வேண்டும் என்பது அடிப்படை மட்டத்திலேயே இருக்கும் விதி. சத்தமான இடத்தில் இருப்பவர், ஒலியை அணைத்துப் பார்ப்பவர், அந்த மொழியில் அவ்வளவு பழக்கம் இல்லாதவர் எல்லோருக்கும் இது உதவும்.

வசன வரியைப் படத்திலேயே பதித்துவிடலாம், அல்லது எஸ்ஆர்டி என்ற தனிக் கோப்பாகத் தரலாம். எஸ்ஆர்டி ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: வரிசை எண், தொடக்க நேரமும் முடிவு நேரமும், கீழே வாக்கியம். தனிக் கோப்பாக இருந்தால் பிழையைத் திருத்த வீடியோவை மறுபடி ஏற்றுமதி செய்ய (முடித்த வடிவத்தைக் கோப்பாக வெளியே எடுக்க) வேண்டாம், இன்னொரு மொழியும் சேர்க்கலாம். தானாக வரும் எழுத்தாக்கத்தை நம்பி அப்படியே விடாதீர்கள். ஆட்களின் பெயரும் துறைச் சொற்களும்தான் அதில் முதலில் தவறும். வெட்டுவது முழுக்க முடிந்த பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் நேரங்கள் இடம்பெயரும்.

ஏற்றுமதி செய்ய எம்பி4 கோப்பு, எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை). 2003இல் வந்த முறை என்பதால் பழைய அலுவலகக் கணினியும் அதைத் திணறாமல் ஓட்டும். எச்.265 இன்னும் சிறிய கோப்பைத் தரும், ஆனால் எல்லா இயந்திரத்திலும் ஓடும் என்று சொல்ல முடியாது. பிட்ரேட் என்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு. 8 பிட் ஒரு பைட் என்பதால், 8 மெகாபிட் என்றால் விநாடிக்கு 1 எம்பி. நான்கு நிமிட வீடியோ 240 எம்பி வரும். அசைவு குறைந்த திரைப்பதிவுக்கு 4 மெகாபிட் போதும், அப்போது 120 எம்பி. ஜிமெயில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. ஆகவே கோப்பை அனுப்பாமல், யார் பார்க்கலாம் என்று அனுமதி வைத்த இணைப்பை அனுப்புங்கள். பிழை கண்டு மாற்றினாலும் இணைப்பு மாறாமல் இருக்கும்படி ஏற்றினால் இன்னும் நல்லது.

கருத்துக் கேட்கும்போது, "எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று ஐந்து பேருக்கு அனுப்பினால் ஐந்து திசையில் பதில் வரும். பேசப்போவதை முதலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு கரடுமுரடான முதல் வெட்டைக் காட்டி, எந்த நிமிடம் எந்த விநாடியில் என்ன மாற்றம் என்று ஒரே ஒருவர் தொகுத்துத் தரச் சொல்லுங்கள். கோப்புப் பெயரில் 'இறுதி', 'இறுதி புதிது' என்று எழுதாமல் எண் போடுங்கள்: வி1, வி2, வி3.

எல்லாவற்றுக்கும் இந்த மென்பொருள் வேண்டும் என்றும் இல்லை. கூட்ட அறை மாறியதைச் சொல்ல ஒரு வரி மின்னஞ்சல் போதும். முன்னும் பின்னும் நறுக்கினால் மட்டும் போதும் என்றால் கைபேசியிலேயே முடித்துவிடலாம். பலர் பார்க்கப்போவது, பல முறை பார்க்கப்படுவது, பின்னால் மாற வாய்ப்பிருப்பது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் டைம்லைனைத் திறப்பேன்.

ஆறு மாதம் கழித்து

செயலி புதுப்பிக்கப்பட்டு 'சமர்ப்பி' பொத்தான் வலதுபக்க மேல்மூலைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். மூலப் புராஜெக்ட் இல்லாதவர் நான்கு நிமிடத்தையும் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது பழைய வீடியோவுக்குக் கீழே ஒரு மன்னிப்புக் குறிப்பு போட வேண்டும். புராஜெக்ட் வைத்திருப்பவர் அதைத் திறந்து, அந்த 20 விநாடித் திரையை மட்டும் புதிதாகப் பதிந்து, பழைய கிளிப்பின் இடத்தில் வைத்து, ஒரு வாக்கியத்தை மறுபடி பேசிச் சேர்த்து, ஏற்றுமதி செய்துவிடுவார்.

இதற்கு முதல் நாளே சிலதைச் செய்திருக்க வேண்டும். குரலை ஒரே மூச்சில் பதியாமல் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் பதிந்திருக்க வேண்டும், இடையில் ஒட்டும்போது தெரியாது. பேச்சில் "போன வாரம்", "இந்த மாசம்" என்று வராமல் பார்த்திருக்க வேண்டும். எந்த மைக், எந்த அறை என்று ஒரு வரி எழுதிவைத்திருக்க வேண்டும், புதிய குரல் பழையதோடு ஒட்டுவதற்கு. பெயர்ப்பட்டை, தலைப்பு, எழுத்துரு, சின்னம் ஆகியவற்றை வார்ப்புருவாக வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் பிரீமியரின் புராஜெக்ட் மேனேஜர் போன்ற வசதியால் பயன்படுத்திய கோப்புகளை ஒரே கோப்புறைக்குத் திரட்டி, அதன் ஒரு பிரதியை வேறொரு வட்டிலும் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பது உங்களைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பொத்தான் இடம் மாறும் நாளில் நீங்கள் விடுப்பில் இருக்கலாம்.